குப்பத்து மேடை

1927 காங்கிரஸ் மாநாட்டோடு சென்னையில் நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவாயிற்று. மார்கழிக் கச்சேரி மரபு அதைச் சுற்றியே வளர்ந்தது. சபாக்களுக்கு வெளியே ஒரு மேடை 2015இல் எழுந்தது, பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில். பாடகர் டி. எம். கிருஷ்ணா, சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய விழா அது. நுழைவுச்சீட்டு கிடையாது. பறையும் பரதமும் கர்நாடக இசையும் ஒரே மேடையேறின.

குப்பத்துக்கு 'உயர்கலை' கொண்டுபோகும் கருணைச் செயலா இது? அப்படிப் பார்க்க இடமுண்டுதான். ஆனால் பக்கத்துத் தெருக்காரர்கள் பலர் குப்பத்துக்குள் கால்வைத்ததே இவ்விழாவால்தான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவ்வாண்டே கிருஷ்ணா டிசம்பர்க் கச்சேரிகளைத் துறந்தார். விழா பின்னர் சென்னை கலைத் தெரு விழா எனப் பெயர் மாறிற்று. 2024 டிசம்பரில் அகாதெமியின் இசை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அதே கிருஷ்ணா.