பித்தளைக்குத் தேய்ப்பு, எவர்சில்வருக்குத் துடைப்பு

திருப்பூரின் வேலம்பாளையம் என்றால் வெளியூரில் பனியனைத்தான் சொல்வார்கள். ஆனால் இங்கே தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே தகடு தட்டும் சத்தமும் உண்டு. 15 வேலம்பாளையமும் பக்கத்து அனுப்பர்பாளையமும் பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போனவை. பித்தளை, செம்பு, எவர்சில்வர் மூன்றும் இங்கே உருவாகின்றன. சீரில் பித்தளை அண்டாவும் எவர்சில்வர் போசியும் ஒன்றாகவே வீடு வந்து சேர்கின்றன. ஒன்றாக வந்ததால் ஒரே மாதிரி விளக்குகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈரக்காற்று பட்டால் கறுக்கும். புளிப்பு தங்கினால் களிம்பு பிடிக்கும். புளியின் அமிலம் அந்தக் கறையைக் கரைத்துவிடும். ஆகவே வெளிப்புறத்தைப் புளி போட்டு நன்றாகத் தேய்க்கலாம். பிறகு புளி தங்காமல் அலசித் துடைக்க வேண்டும். உள்பக்கம் அப்படியல்ல; அங்கே இருப்பது ஈயப் பூச்சு. ஈயம் பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை எழும். ஈயத்தை வைத்துத் தேய்த்ததும் உருகி ஓடும். அதைப் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்ப, மஞ்சள் மறைந்து வெள்ளி நிறம் படரும். அவ்வளவு மெல்லிய பூச்சு அது. கம்பி நாரால் உரசினால் போய்விடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாலும் ஆபத்து. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பூசச் சொல்லும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு.

எவர்சில்வருக்குக் காவல் வேறு. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்துகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். அதை உடைக்கக்கூடியது உப்பு. பச்சைத் தண்ணீரில் போட்ட உப்பு கரையாமல் அடியில் படிந்தால் அங்கே புள்ளிக் குழி விழும். தண்ணீர் கொதித்த பிறகு போட்டால் உடனே கரைந்துவிடும். இரும்புக் கம்பி நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டால் அவையே துருப்பிடிக்கும்.

திருப்பூரில் இந்த உப்புக் கவலை கூடுதல். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்புக் கழிவு ஆண்டுக்கணக்காக நொய்யலிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. இன்றும் போர் தண்ணீரில் கழுவிய போசியைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படிகிறது. புளித்தண்ணீரோ எலுமிச்சையோ அதைக் கரைக்கும். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் உப்புக்குழம்புப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க ஊறவிடுவதுதான் பெரிய கேடு.

பித்தளை தன் கேட்டை முகத்திலேயே காட்டிவிடும். பூச்சுத் தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். எவர்சில்வரின் கேடு அடியில் ஒளிந்திருக்கும். விழுந்த குழியை வீட்டில் யாராலும் அடைக்க முடியாது. பராமரிப்பே வேண்டாத பாத்திரம் என்று நாம் நம்பும் எவர்சில்வருக்குத்தான் தினமும் கவனம் தேவைப்படுகிறது. அந்தக் கவனத்துக்குச் செலவும் இல்லை. நம் ஊரில் எந்த வீட்டிலும் பருத்தி பனியன் துண்டு ஒன்று கிடக்கும். கழுவிய கையோடு அதை எடுத்து ஒரு துடை துடைத்து வையுங்கள்.