வீரனின் புண்ணும் பண்டகசாலையின் வாயிலும்

படைத்தளத்தின் வேலிக்குள்ளே நடக்கும் ஒரு பலசரக்குக் கடையில் யார் பொருள் வாங்கலாம், யார் வாங்கலாகாது என்பதும் வரலாற்றில் ஆராயத்தக்க ஒரு பொருளோ என நேயர்களிற் சிலர் ஐயுறக்கூடும். கடை சிறிதுதான், அதன் வாயிலில் எழுந்த வினாவோ பெரிது. நாட்டுக்காகப் போர்க்களஞ் சென்று உடல் நலிந்து மீண்டவனுக்கு அந்நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது, அக்கடனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பதே அவ்வினா. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா எழுந்த வகையையும், அதற்கு 2018ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் அளித்த விடையையும் இங்கே நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் படைமுகாம்கள் பல, ஊரும் சந்தையும் இல்லாத எல்லைப்புறங்களில் அமைந்திருந்தன. அங்கே வீரர்களுக்குப் பண்டம் விற்கும் உரிமை சட்லர் எனப்பட்ட வணிகரிடம் இருந்தது. போட்டிக்கு வேறு கடை இல்லாமையால் அவ்வணிகர் வைத்ததே விலையாயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1866ஆம் ஆண்டிலே, அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸ் அப்பதவியை ஒழித்தது. படையின் உணவுக் களஞ்சியத்திலிருந்து கொள்விலைக்கே பண்டம் வாங்கும் உரிமை 1825ஆம் ஆண்டு முதல் அதிகாரிகளுக்கு மட்டும் இருந்தது. 1867ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் அது சாதாரண வீரருக்கும் கிடைத்தது. இன்று கொமிசரி எனப்படும் உணவுப் பண்டகசாலையின் தோற்றம் இதுவே.

உணவல்லாத பொருள்களுக்கு எக்ஸ்சேஞ்ச் என்னும் வேறொரு கடை 1895ஆம் ஆண்டில், போர்த் திணைக்களத்தின் கட்டளையால், முகாம்தோறும் நிறுவப்படலாயிற்று. அதன் இலாபத்தில் ஒரு பகுதி வீரரின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் செலவிடப்பட்டது. அவ்வழக்கம் இன்றும் நிலவுகிறது. கொமிசரியின் நிலை இதனின் வேறானது. அது இலாபம் நாடுவதன்று. விலையின்மேல் 5 வீதம் கூட்டி அறவிட்டுக் கட்டட வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. ஊழியர் சம்பளம் முதலிய செலவுகளுக்கு ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை அரசிறையிலிருந்து செல்கிறது. ஆகவே, அங்கு ஒருவன் மலிவாய் வாங்கும் பொருளிலே பொதுமக்களின் பங்கும் உண்டு.

காலப்போக்கில் முகாம்களைச் சுற்றி ஊர்கள் எழுந்தன, கடைகளும் பெருகின. தனிமையை நீக்கவென வந்த சலுகை, படைவீரனின் சம்பளத்தில் ஒரு பங்காக மாறிற்று. சேவையிலுள்ளோரும் அவர்தம் குடும்பத்தாரும், இருபதாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றோரும் அதற்கு உரியவராயினர். படையிலே பணியாற்றத் தகுதியிழந்து, ஊனம் 30 வீதமோ அதற்கு மேலோ என மதிப்பிடப்பட்டவர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்றோராகவே கொள்ளப்பட்டனர். முன்னாள் வீரருக்கான திணைக்களத்தால் 100 வீதம் அங்கவீனர் எனக் கணிக்கப்பட்டோருக்கும் வாயில் திறந்திருந்தது. ஏனைய முன்னாள் வீரரிற் பெரும்பாலோருக்கு அது மூடியே கிடந்தது.

இவ்விடத்திலேதான் முறைகேடு தோன்றிற்று. அங்கவீனத்தை அளக்கும் கோல்கள் இரண்டு. படை அளப்பது, சேவையை விட்டு நீங்கும் நாளில், பணிக்குத் தடையாயுள்ள குறையை மட்டுமே. திணைக்களமோ சேவையால் விளைந்த நோய் யாவற்றையும், அவை எப்போது வெளிப்பட்டாலும், பத்துப் பத்து வீதமாக அளக்கிறது. வியட்நாமிற்குக் கட்டாய சேவையில் அனுப்பப்பட்ட ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். திரும்பிய நாளில் அவன் உடலில் வடு ஒன்றும் இல்லை. அங்கு காடழிக்கத் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஒரேஞ்ச் என்னும் நஞ்சின் விளைவோ பல்லாண்டு சென்றே தெரிந்தது. அதனோடு தொடர்புடைய நோய்களைச் சேவையால் வந்தவையெனக் கொள்ளும் சட்டம் 1991ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. நீரிழிவு அப்பட்டியலிற் சேர்ந்தது 2001ஆம் ஆண்டில். அத்தகைய ஒருவன் 90 வீதம் அங்கவீனன் எனக் கணிக்கப்பட்டாலும் கடை வாயிலில் அந்நியனே. பகைவரின் தாக்குதலிற் காயமுற்றோர்க்கு அளிக்கப்படும் பேர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை மார்பில் அணிந்தவனும், வேறு தகுதி இல்லையாயின், அந்நியனே. காயமெதுவுமின்றி இருபதாண்டு பணியாற்றியவன் மட்டும் தடையின்றி உள்ளே சென்றான்.

வாயிலை அகலத் திறத்தலாகாது என்போரின் நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இச்சலுகை சேவையிலுள்ளோர்க்காகவே ஏற்பட்டது. கூட்டம் பெருகினால் அவர்களே இடர்ப்படுவர் என்றனர். அரசிறையின் சுமை கூடும், தளத்தின் காவல் தளரும் என்றும் அஞ்சினர். அங்கவீனருக்கு மாதந்தோறும் வரியில்லாத உதவிப்பணம் கிடைக்கிறதே, மேலும் எதற்கு என்றும் வினவினர்.

இறுதி வினாவிலேதான் வழக்கின் உயிர்நிலை உள்ளது. அவ்வுதவிப்பணம், ஊனத்தால் ஒருவன் இழக்கும் உழைப்புத் திறனுக்கு ஈடாகச் சட்டத்தால் வகுக்கப்பட்டது. அது இழப்பை நிரப்புவது, உறவை உணர்த்துவதன்று. தளத்தின் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே செல்லுதல், நீ இன்னும் எம்மவன் என்று படை கூறுவதற்கு ஒப்பாகும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உடல்நலத்தை ஈந்தவனிடம், இன்னும் பத்துப் பங்கு குறைகிறது, நீ எம்மவன் அல்லன் என்று கூறுவது கணக்குக்குப் பொருந்தலாம், நீதிக்குப் பொருந்தாது.

காங்கிரஸ் ஈற்றில் இந்நியாயத்தை ஏற்றது. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதி சனாதிபதி டிரம்ப் ஒப்பமிட்ட பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனிப்பிரிவொன்று சேர்க்கப்பட்டது. அதன்படி 2020ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், சேவையால் அங்கவீனமுற்ற முன்னாள் வீரர் யாவருக்கும், பேர்ப்பிள் ஹார்ட் பெற்றோருக்கும், முன்னாள் போர்க்கைதிகளுக்கும் கொமிசரியும் எக்ஸ்சேஞ்சும் சில பொழுதுபோக்கு வசதிகளும் திறக்கப்பட்டன. திணைக்களத்தின் திட்டத்திலே பதிவுபெற்று, ஊனமுற்ற வீரரைப் பேணும் குடும்பத்தாரும் இதிற் சேர்க்கப்பட்டனர். சேவையோடு தொடர்புண்டு என ஏற்கப்பட்டு, 0 வீதம் என மதிப்பிடப்பட்ட ஊனமும் போதுமாயிற்று. வீதக்கணக்கு என்னும் வேலி இவ்வாறு வீழ்ந்தது.

செலவைப் பற்றிய அச்சத்துக்கும் சட்டம் ஒரு விடை வைத்தது. புதிதாக உரிமை பெற்றோர் கொமிசரியிலே வங்கி அட்டைகளாற் பணம் செலுத்துவதனால் வரும் செலவு அரசிறையைச் சாராதபடி, அவர்களிடம் ஒரு கட்டணம் அறவிடப்படலாயிற்று. தொடக்கத்திலே கடனட்டைக்கு 1.9 வீதமும், கணக்கிலிருந்து நேரே கழிக்கும் அட்டைக்கு 0.5 வீதமும் விதிக்கப்பட்டன. காசாகக் கொடுப்போர்க்கு அக்கட்டணம் இல்லை.

எனினும், குறை முற்றும் நீங்கிற்று என்று கூறுதற்கில்லை. புதிதாய் உரிமை பெற்ற வீரனின் மனைவி தன் பெயரால் அவ்வுரிமையைப் பெற்றாளல்லள். தளத்துக்கு அருகில் வாழ்பவனுக்கு இச்சலுகை மாதச் செலவிலே நல்ல உதவி. நூறு மைல் அப்பால் வாழ்பவனுக்கோ அட்டையில் எழுதிய எழுத்து மட்டுமே. வீதத்தால் வகுத்த அநீதி போயிற்று. தூரத்தால் வகுத்த வேறுபாடு நிற்கிறது. ஆதலின், கடைச் சலுகையை மருத்துவத்துக்கும் உதவிப்பணத்துக்கும் மாற்றாக எந்த அரசும் கருதலாகாது. அவற்றின்மேல் வைக்கப்படும் ஒரு மரியாதையாகக் கொள்வதே தகும்.

முகாம் வணிகரின் கொள்ளை விலையிலிருந்து வீரனைக் காக்கவென்று தோன்றிய கடை அது. காவல் வேண்டியவன் யார் என்ற கேள்விக்குத் தலைமுறைதோறும் விடை விரிந்தே வந்திருக்கிறது. முதலில் அதிகாரி, பின்பு சாதாரண வீரன், பின்பு ஓய்வுபெற்றோன், ஈற்றிலே புண்பட்டு வீடு திரும்பியவன். காவல் மிகவும் வேண்டியிருந்தவன் கடைசியில் நிற்க நேர்ந்தமையே இவ்வரலாறு ஏனைய நாட்டாருக்கும் விட்டுச்செல்லும் எச்சரிக்கையாகும்.