மூன்றாவது காரணம்

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மாகஸீன்’ இதழில் ஓர் இந்திய வண்டியோட்டியின் படம் அச்சாயிற்று. கவாஸ்ஜி என்ற அவர் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் வீரர்களிடம் சிக்கி மூக்கை இழந்தவர். புனே அருகே ஒரு மராட்டிய மருத்துவர் அவருடைய நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி மூக்காக அமைத்தார். தோலின் ஒரு முனையை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார். அதன் வழியே ஓடிய குருதியால்தான் அந்தத் தோல் பிழைத்தது.

அந்த முனையையும் அறுக்கும் துணிவு வர நெடுங்காலம் ஆயிற்று. 1960-இல் அமெரிக்காவில் ஜூலியஸ் ஜேக்கப்சன் நுண்ணோக்கியின் கீழ் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களைத் தைத்துக் காட்டினார். 1973-இல் மெல்பர்னில் டெய்லரும் டேனியலும் தொடையிடுக்குத் தோலை முழுவதுமாகத் துண்டித்துக் காலில் பொருத்தி, அதன் குழாய்களை அங்குள்ள குழாய்களோடு இணைத்தார்கள்.

இங்கேதான் பழைய எதிரி குறுக்கிடுகிறது: குருதிக்கட்டி. ஜெர்மானியரான ருடால்ஃப் ஃபிர்கோ 1856-இல் எழுதியவற்றிலிருந்து, பின்னாளில் அவர் பெயரால் வழங்கும் மூன்று காரணங்கள் பிறந்தன: குழாய்ச்சுவரின் காயம், ஓட்டத்தின் தேக்கம், குருதியின் இயல்பு. தைக்கும்போது முதலிரண்டும் தவிர்க்க இயலாதவை. மூன்றாவதோ நோயாளி பிறக்கும்போதே உடன் வந்திருக்கலாம்.

அதன் முகம் தெரிந்தது அண்மையில்தான். 1993-இல் ஸ்வீடனில் டால்பேக், குருதி உறைதலுக்குக் கடிவாளமிடும் ஒரு புரதத்துக்குச் சிலருடைய குருதி பணிவதில்லை என்று கண்டார். மறு ஆண்டு, நெதர்லாந்தின் லைடன் நகரில் பெர்ட்டினாவின் குழு காரணத்தைக் கண்டது: ஐந்தாம் உறைகாரணியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்று ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது. ஐரோப்பியரிடையே ஏறத்தாழ நூற்றில் ஐவருக்கு இது உண்டு, இந்தியரிடையே அரிது. உள்ளவர்களிலும் பெரும்பாலோர் கட்டி ஏதுமின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

ஆனால் இடம்மாற்றிய திசுவில் சிரை அடைபட்டால் தோல் நீலம் பாரிக்கும். தமனி அடைபட்டால் வெளிறும். ஆகவே முதல் சில நாட்கள் செவிலியர் அடிக்கடி வந்து நிறம் பார்க்கிறார்கள். உடனே மீண்டும் திறந்தால் பலருக்குத் திசுவைக் காப்பாற்றிவிடலாம். உறையும் இயல்பு மிகுந்த குருதியில் அந்த இரண்டாம் வாய்ப்பு பெரிதும் சுருங்கிவிடுகிறது. கட்டி திரும்பத் திரும்ப உருவாகிறது.

எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்வது வழக்கமில்லை. அதனால் மருத்துவர் கத்தியை எடுக்குமுன் கேள்விகளைக் கேட்கிறார்: காலில் கட்டி வந்ததுண்டா, கரு பலமுறை கலைந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும்? அம்மாவுக்கு என்றோ கால் வீங்கிக் கிடந்ததை அற்பமென்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மூன்றாவது காரணத்துக்கு முன்னறிவிப்பாக வருவது பல வேளைகளில் அந்த ஒரு நினைவு மட்டுமே.