ரஷ்ய மையும் சி.ஐ.ஏ. அட்டையும்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் கந்தர்வக்கோட்டை கடைவீதியில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நிற்பவர், புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பவர் என்று நாலு பேர் இருப்பார்கள். அதில் தோற்ற கட்சிக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். "எல்லாம் மெஷின்ல பண்ற வேலைங்க" என்பார். போன தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தபோதும் அதே மெஷின்தான் இருந்தது, அது அப்போது நல்ல மெஷின்!

இது மின்னணு இயந்திரம் வந்த பிறகு பிறந்த வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாக்குச்சீட்டில் முத்திரை குத்திய காலத்திலேயே இது உண்டு. அந்தக் கதையில் அதிகம் அவதிப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், வேடிக்கையாக, இந்தியாவின் பழமைவாதிகள். அதாவது ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர்கள். ஒரு பக்கம் ஆளும் கட்சி அவர்களை அமெரிக்க உளவாளிகள் என்றது. இன்னொரு பக்கம் அவர்களுடைய கூட்டாளிகளே, தேர்தலில் தோற்றதற்கு ரஷ்ய மைதான் காரணம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தது அந்தக் கட்சி.

சுதந்திராக் கட்சி 1959ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. அப்போது ராஜாஜிக்கு வயது எண்பது. அந்த வருட ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. விவசாயி தன் நிலத்தை இழந்துவிடுவான் என்று பயந்தவர்களும், எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று அலைந்து சலித்தவர்களும் ஒன்று சேர்ந்தார்கள். ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி.ரங்கா, பம்பாயின் மினு மசானி, கே.எம்.முன்ஷி ஆகியோர் முன்னணியில் நின்றார்கள். 1962ல் மக்களவையில் 18 இடம், 1967ல் 44 இடம். முக்கிய எதிர்க்கட்சி என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

இவர்கள் மேல் விழுந்த முதல் முத்திரை "அமெரிக்காவின் கைக்கூலி". சோவியத் நாட்டை எதிர்த்தார்கள், தனியார் தொழிலை ஆதரித்தார்கள், ஆகவே பின்னால் டாலர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ராஜாஜி விஷயத்தில் இந்தக் கணக்கு கொஞ்சமும் பொருந்தாது. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வெளிநாடு போனார், 1962ல், அமெரிக்காவுக்கு. போனது எதற்கு? காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் சேர்ந்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் வாதாடுவதற்கு. கைக்கூலி முதலாளியிடம் போய் செய்கிற வேலையா அது?

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1952ல் முதலமைச்சராக இருந்தபோது கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே அறிவித்தவர் ராஜாஜி. பதினைந்து வருஷம் கழித்து, தி.மு.க. தலைமையிலான கூட்டணியில் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றாக இருந்தன. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர்.உமாநாத் வென்றார். இதற்குச் சுமார் இரண்டு வருஷம் முன்புதான், 1964 டிசம்பரில், மார்க்சிஸ்ட் தலைவர்களை சீனாவின் ஆட்கள் என்ற சந்தேகத்தில் மத்திய அரசு நாடெங்கும் பிடித்து உள்ளே போட்டிருந்தது. ஆக, அமெரிக்க ஏஜெண்ட் என்று பெயர் வாங்கிய கட்சியும் சீன ஏஜெண்ட் என்று பெயர் வாங்கிய கட்சியும் ஒரே அணியில் நின்று, புதுக்கோட்டை ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டிருக்கின்றன. ஜனங்களும் போட்டார்கள். பேச்சு அரிசி விலையைப் பற்றி இருந்தது, உளவாளிகளைப் பற்றி இல்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சி.ஐ.ஏ. பற்றிய பயம் முழுக்க கற்பனை இல்லை. 1967 தொடக்கத்தில் 'ராம்பார்ட்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, அந்நாட்டு மாணவர் சங்கத்துக்கு சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்து வந்ததை அம்பலப்படுத்தியது. அதைத் தொடர்ந்து, 1950ல் பெர்லினில் தொடங்கப்பட்ட 'கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' என்ற உலக அமைப்புக்கும் அதே பணம் போனது தெரியவந்தது. அந்த அமைப்பின் இந்தியக் கிளையை 1951ல் பம்பாயில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மினு மசானி. பணத்தின் ஊற்று எது என்று இந்தியாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் எதிரிக்கு இது போதாதா? அந்த வருடத் தேர்தலில் வெளிநாட்டுப் பணம் விளையாடியதா என்று உள்துறை அமைச்சர் ஒய்.பி.சவான் விசாரிக்கச் சொன்னார். அறிக்கை வந்தது, ஆனால் வெளியிடப்படவில்லை. வெளியிட்டிருந்தால் ஒரு முடிவு தெரிந்திருக்கும். மூடி வைத்ததால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். சதிக்கதைகள் வளர இதைவிட நல்ல உரம் கிடையாது.

மசானி ஆரம்பத்தில் சோஷலிஸ்ட். 1934ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை ஜெயப்பிரகாஷ் நாராயணோடு சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர். சோவியத் நாட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தவர். ஸ்டாலின் தன் சொந்தத் தோழர்களையே வெளிநாட்டு உளவாளிகள் என்று சொல்லி விசாரணை நடத்திக் கொன்றபோது அவருக்கு அந்தக் கனவு கலைந்தது. அப்படிப்பட்டவரையே உளவாளி வளையத்தில் சேர்த்துப் பேசினால் எப்படி இருக்கும்!

சரி, ரஷ்ய மைக்கு வருவோம்.

1971 மார்ச்சில் மக்களவைத் தேர்தல். இந்திரா காந்தியை வீழ்த்த பழைய காங்கிரஸ், ஜனசங்கம், சுதந்திராக் கட்சி எல்லாம் கைகோத்தன. தமிழ்நாட்டில் ஆயுள் முழுக்க எதிரெதிராக நின்ற ராஜாஜியும் காமராஜரும் ஒன்று சேர்ந்தார்கள். கூட்டம் என்றால் கூட்டம். ஜெயித்துவிடுவோம் என்றே எல்லோரும் நம்பினார்கள். பெட்டியைத் திறந்தால் இந்திராவின் பசுவும் கன்றும் 352 இடங்களில் நின்றது. சுதந்திராக் கட்சி 44லிருந்து 8க்கு விழுந்தது. தமிழ்நாட்டு சட்டசபையில் தி.மு.க. 184.

இதை ஜீரணிக்க முடியாதவர்களில் ஒருவர் ஜனசங்கத்தின் பல்ராஜ் மதோக். தெற்கு டில்லியில் காங்கிரஸின் சசி பூஷணிடம் தோற்றிருந்தார். அவர் கண்டுபிடித்த காரணம் இது: வாக்குச்சீட்டுகள் முன்கூட்டியே ரசாயனம் தடவப்பட்டவை. வாக்காளர் குத்துகிற முத்திரை சில நாளில் மறைந்துவிடும். பசு கன்று சின்னத்தின் மேல் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் குத்திவைத்த முத்திரை மெல்ல வெளியே வரும். மை ரஷ்யாவிலிருந்து வந்தது. சினிமாக் கதை போல இருக்கிறதா? படித்தவர்கள் நம்பினார்கள். மதோக்கே ஒரு சரித்திரப் பேராசிரியர். தமிழ்நாட்டிலும் காமராஜரின் தோல்வியைத் தாங்க முடியாதவர்கள் மத்தியில் "ரஷ்ய மை" என்ற பேச்சு ஓடியது.

கொஞ்சம் யோசித்தால் இந்தக் கதை நிற்காது. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் இந்திரா காங்கிரஸ் ஜெயித்தது 9. தி.மு.க. ஜெயித்தது 23. அப்படியானால் ரஷ்ய மை சில ஊரில் பசு கன்றுக்கும், பல ஊரில் உதயசூரியனுக்கும் போய் ஒட்டியிருக்க வேண்டும். சட்டசபைத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் போட்டியே போடவில்லை, அங்கே மை யாருக்காக உழைத்தது? நாகர்கோவிலில் காமராஜர் ஜெயித்தார், குவாலியரில் வாஜ்பாய் ஜெயித்தார், குஜராத்தின் கோத்ராவில் சுதந்திராக் கட்சியின் பிலூ மோடி ஜெயித்தார். அந்த ஊர்களுக்கெல்லாம் மை தீர்ந்துபோய்விட்டதா?

உண்மையான காரணம் கணக்குப் பாடத்தில் இருக்கிறது. 1967ல் ஒன்றுபட்ட காங்கிரஸ் சுமார் 41 சதவீத வாக்கு வாங்கி 283 இடம் பிடித்தது. 1971ல் இந்திரா காங்கிரஸ் சுமார் 44 சதவீதம் வாங்கி 352 இடம் பிடித்தது. மூன்று சதவீதம் கூடினால் எழுபது இடம் கூடுகிற முறை நம்முடையது. தமிழ்நாட்டு சட்டசபைத் தேர்தலில் காமராஜரின் காங்கிரஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கியும் 15 இடம்தான் கிடைத்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஓட்டுப் போடாமல் இல்லை. போட்டார்கள், ஆனால் எதிரில் நின்ற ஒருவருக்கு ஒவ்வொரு ஊரிலும் இன்னும் கொஞ்சம் அதிகமாக விழுந்தது. இதோடு "வறுமையே வெளியேறு" என்ற கோஷம். அதற்கு எதிராக இந்தக் கூட்டணி வைத்தது "இந்திராவே வெளியேறு" என்பது. எது ஏழையின் காதில் ஏறும் என்று சொல்ல ரசாயன நிபுணர் தேவையில்லை.

மதோக் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1972ல், மாதிரிக்குக் கொஞ்சம் வாக்குச்சீட்டுகளை எடுத்துப் பார்த்து நீதிபதி திருப்தி அடையலாம் என்று அனுமதித்தது. ஒன்றும் தேறவில்லை. சசி பூஷண் 1977 வரை எம்.பி.யாகவே இருந்தார். இப்படி சோதிக்க அனுமதித்ததுதான் இந்தக் கதையிலேயே உருப்படியான காரியம். சவான் அறிக்கையைப் பூட்டி வைத்ததற்கு நேர் எதிரானது இது.

அதே தேர்தலில் ராஜ்கோட்டில் மசானியும் தோற்றார். அவர் மையைத் தேடிப் போகவில்லை. தோல்விக்குப் பொறுப்பேற்று கட்சித் தலைமையிலிருந்து விலகினார். ஒரே தோல்வி, இரண்டு மனிதர்கள்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே சங்கடம் இருந்தது. 1958ல் ராபர்ட் வெல்ச் என்பவர் ஜான் பர்ச் சங்கத்தைத் தொடங்கினார். ஜனாதிபதி ஐசனோவரே தெரிந்தே கம்யூனிஸ்டுகளுக்கு வேலை செய்கிறார் என்று எழுதியவர் இவர். அமெரிக்கப் பழமைவாதிகளின் பத்திரிகையான 'நேஷனல் ரிவ்யூ'வின் ஆசிரியர் வில்லியம் பக்லி தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தப் பைத்தியக்காரத்தனம் தங்கள் எல்லோரையும் சேர்த்துக் கேலிப்பொருளாக்கும் என்று 1962ல் வெல்ச்சைக் கண்டித்து எழுதினார். சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே எழுதினார். நம் ஊரில் ஜனசங்கம் மதோக்கை 1973ல் கட்சியை விட்டு நீக்கியது, அத்வானி தலைவராக இருந்தபோது. ஆனால் அது கட்சி போகும் பாதையைப் பற்றிய உள்சண்டை, மைக்காக இல்லை.

பிலூ மோடியின் வழி வேறு. பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. கட்டடக் கலைஞர். கலிபோர்னியாவில் படித்தவர், மனைவி அமெரிக்கர், பள்ளித் தோழர் பாகிஸ்தானின் சுல்பிகர் அலி பூட்டோ. சதிக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கதாபாத்திரம் கிடைக்குமா? 1972ல் காங்கிரஸ் தலைவர் சங்கர் தயாள் சர்மா, நாட்டில் நடக்கும் குழப்பங்களுக்கு சி.ஐ.ஏ. காரணம் என்று சொல்ல ஆரம்பித்தார். விலைவாசி ஏறினால் அந்நியக் கை, மாணவர்கள் ஊர்வலம் போனால் அந்நியக் கை. ஒரு நாள் பிலூ மோடி, "நான் ஒரு சி.ஐ.ஏ. ஏஜெண்ட்" என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அவை சிரித்தது. கழற்றச் சொன்னதும் கழற்றிவிட்டு, இப்போது ஏஜெண்ட் இல்லை என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த எரிச்சலைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏன் கிடைக்கவில்லை, ஒரு தொழிற்சாலைக்கு லைசென்ஸ் வாங்க ஏன் வருஷக்கணக்காகிறது என்று ஒருவன் கேட்கிறான். நீ யாருடைய ஆள் என்பது பதிலாக வந்தால், அதற்கு மேல் அவன் எதைக் கேட்பான்? தன் மேல் குற்றமில்லை என்று எப்படி நிரூபிப்பான்? இல்லாத ஒன்றுக்கு ரசீது காட்ட முடியாதே.

1973 செப்டம்பரில் சிலியில் அயெண்டே ஆட்சி கவிழ்ந்ததும் இந்திராவின் சந்தேகம் பயமாக மாறியது. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் 1975 ஜூன் 26 காலை வானொலியில் அவசரநிலையை அறிவித்தபோது, ஆழமான, பரவலான சதி நடக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். பிலூ மோடி கைதானார், ரோத்தக் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய கட்சி அதற்கு முந்தைய வருடமே பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்திருந்தது. மசானி தன் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' பத்திரிகையைத் தணிக்கை செய்ததை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 1976ல் ஜெயித்தார். நாடே வாய் மூடியிருந்த நேரத்தில் கிடைத்த அபூர்வமான தீர்ப்பு அது.

அன்றைக்கு மதோக் சொன்னதைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். 2009ல் தோற்றபோது பா.ஜ.க.வினர் இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள். 2014க்குப் பிறகு சந்தேகம் மறுபக்கம் இடம் மாறியது. 2013ல் உச்ச நீதிமன்றம் ஒப்புகைச் சீட்டு முறையைக் கொண்டுவரச் சொன்னது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் நீதிமன்றம் நிராகரித்தது. 2021ல் கந்தர்வக்கோட்டை தனித் தொகுதியில் தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.சின்னதுரை வென்றதும் அந்த இயந்திரத்தில்தான்.

1978ல், டில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் மொய்னிஹான் ஒரு புத்தகம் எழுதினார். இந்திய அரசியலில் சி.ஐ.ஏ. இரண்டு முறை பணம் கொடுத்தது, கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க, இரண்டு முறையும் வாங்கியது காங்கிரஸ் கட்சி, ஒரு முறை இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. இந்திரா அதை மறுத்தார். பிலூ மோடி அந்த வருடம் மாநிலங்களவை உறுப்பினராகி மறுபடி டில்லிக்கு வந்திருந்தார்.