காதணி உலோகமும் நிக்கல் ஒவ்வாமையும்

தோடு, கம்மல், ஜிமிக்கி, வளையம் போன்ற காதணிகளின் உலோகம் சிலருடைய காதில் அரிப்பு, சிவப்பு, நீர்க்கசிவு, புண் ஆகியவற்றை உண்டாக்குகிறது. “எனக்குக் கவரிங் சேராது” என்று வீடுகளில் சொல்லப்படும் இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் நிக்கல் என்ற ஒரே உலோகம்தான் காரணம். கோபால்ட்டுக்குச் சிறு பங்கு உண்டு. தங்கத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. மருத்துவத்தில் இதைத் தொடு ஒவ்வாமைத் தோலழற்சி என்பார்கள். உலகெங்கும் உலோக ஒவ்வாமைகளில் நிக்கலே முதலிடத்தில் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு அதிகம். அதற்குக் காரணம் உடற்கூறு வேறுபாடு என்பதைவிடக் காது குத்துவது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒவ்வாமை உருவாகும் விதம்

வியர்வையில் உப்பும் சிறிதளவு அமிலமும் உண்டு. அது உலோகத்தின் மேற்பரப்பை மெல்ல அரித்து, நிக்கல் அயனிகளைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுசெல்கிறது. புதிதாகக் குத்திய காதில் தோல் என்ற தடுப்பே இல்லை, அயனிகள் நேரே திசுவில் போய்ச் சேர்கின்றன. உடலின் காவல் அணுக்களான டி அணுக்கள் நிக்கலைப் பகையாகப் பதிவு செய்துகொள்கின்றன. முதல் தடவை வெளியே எதுவும் தெரியாமலே போகலாம். அடுத்தடுத்து நிக்கல் படும்போது, 1 முதல் 3 நாள்களுக்குள் அரிப்பு தொடங்குகிறது. இந்தத் தாமதத்தால்தான் பலர் காரணத்தைத் தவறவிடுகிறார்கள். சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட கம்மலுக்குத் திங்கட்கிழமை காது அரித்தால், பழி ஷாம்புவின்மேல் விழுகிறது.

ஒருமுறை பதிந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அது காதோடு நிற்பதும் இல்லை. கைக்கடிகாரத்தின் பின்மூடி, ஜீன்ஸ் பொத்தான், ரவிக்கைக் கொக்கி, ஊக்கு என்று நிக்கல் படும் இடமெல்லாம் தடிக்கும். தொப்புளுக்குக் கீழே காசளவு கறுத்து அரிக்கும் தழும்போடு வருபவர்களிடம் தோல் மருத்துவர்கள் காதணியைப் பற்றி விசாரிப்பது இதனால்தான்.

மனிதனுக்கு ஏன் நிக்கல் இவ்வளவு எளிதில் ஒவ்வாமல் போகிறது என்பதற்கு 2010இல் ஒரு விடை கிடைத்தது. கிருமிகளை அடையாளம் காண்பதற்கென்று அணுக்களின் மேலிருக்கும் டிஎல்ஆர்4 என்ற உணர்வியில் நிக்கல் நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. எலியின் உணர்வியில் அந்த ஒட்டுமிடம் இல்லை. அதனால் சாதாரண எலிக்கு நிக்கல் ஒவ்வாமையை வரவழைப்பதே கடினம். இன்னொரு விந்தையும் பதிவாகியிருக்கிறது: காது குத்துவதற்கு முன்பே பல்லுக்கு நிக்கல் கலந்த கம்பி கட்டிக்கொண்டவர்களிடம் பின்னாளில் நிக்கல் ஒவ்வாமை குறைவாகக் காணப்பட்டது. வாய்வழியாகச் சிறுகச் சிறுகப் பழகிய உலோகத்தை உடல் பொறுத்துக்கொள்கிறது போலும். தவழும் வயதிலேயே தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடும் நம் வழக்கத்தில் இந்த வரிசைக்கு வாய்ப்பில்லை.

காதில் வரும் எல்லாப் புண்ணும் ஒவ்வாமை ஆகாது. மஞ்சள் சீழ், வலி, சூடு, காய்ச்சல் ஆகியவை கிருமித்தொற்றின் குறிகள். அரிப்பு முன்னே நின்று வலி பின்னே இருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். செம்பு, பித்தளை நகையால் தோல் பச்சையாவது வெறும் சாயம், கழுவினால் போய்விடும். துளையைச் சுற்றிக் கட்டி போல வளரும் தழும்பு கீலாய்டு எனப்படும், அதற்கும் நிக்கலுக்கும் தொடர்பில்லை.

தங்கம்

நிக்கல் சேர்ந்தால் தங்கத்தின் மஞ்சள் வெளிறிப்போகும். அதனால் மஞ்சள் தங்க நகை செய்பவருக்கு நிக்கலால் பயனில்லை. 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு பொன், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நம் வழக்கத்தில் குழந்தைக்கு முதலில் போடுவது தங்கக் கம்பி வளையம். அழகும் அந்தஸ்தும் கருதி ஏற்பட்ட அந்த வழக்கம், காயம் ஆறும் வரை நிக்கலை அண்டவிடாத நல்ல மருத்துவ ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது.

காரட் இறங்க இறங்கக் கலப்பு உலோகத்தின் பங்கு ஏறும். 18 காரட்டில் 75, 14 காரட்டில் 58.5 விழுக்காடுதான் தங்கம். மஞ்சள் நிறத்தில் இருக்கும் வரை 18 காரட்டும் பெரும்பாலானவர்களுக்குச் சேரும். அதற்குக் கீழே போனால் கலப்பில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டே வாங்க வேண்டும். தங்கத்தின் விலை ஏற ஏற மக்கள் குறைந்த காரட்டுக்கு இறங்குகிறார்கள். 2025இல் 9 காரட்டும் ஹால்மார்க் வரிசையில் சேர்க்கப்பட்டது.

உண்மையான சிக்கல் வெள்ளைத் தங்கத்தில்தான். தங்கத்தை வெளிறச் செய்ய நிக்கலையோ பல்லேடியத்தையோ கலக்கிறார்கள். இரண்டில் நிக்கல் மலிவு. வைரத்தோடு, வைர மூக்குத்தி செய்யும் வெள்ளைத் தங்கத்தின்மேல் ரோடியம் முலாம் பூசப்பட்டிருக்கும். அது இருக்கும் வரை தொல்லை தெரியாது. தினமும் போடும் தோட்டில் முலாம் தேய்ந்த பிறகு, வாங்கி வெகுநாள் கழித்து, “இத்தனை நாள் இல்லாத அரிப்பு இப்போது எப்படி?” என்ற கேள்வி வரும். நிக்கல் ஒவ்வாதவர்கள் பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கத்தைக் கேட்டு வாங்கலாம். தோல் சோதனையில் இவர்களில் பலருக்குப் பல்லேடியமும் தடிப்பைக் காட்டுவதுண்டு, ஆயினும் நகையாக அணியும்போது அது அரிதாகவே தொல்லை தருகிறது. பிளாட்டினம் இன்னும் பாதுகாப்பானது. 950 தரப் பிளாட்டினத்தில் சில வேளை கோபால்ட் கலப்பதுண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கேடிஎம் நகை காதுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. கேடிஎம் என்பது காட்மியம் சேர்த்த பொடியால் பற்றவைக்கும் முறை. பற்றவைக்கும்போது எழும் காட்மியப் புகை பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆசாரியின் நுரையீரலைக் கெடுத்தது, அந்த முறை கைவிடப்பட்டதற்கு அது முக்கியக் காரணம். அணிபவரின் காதில் வரும் அரிப்புக்கு அதைக் குற்றம் சொல்வது பொருந்தாது.

கவரிங், ஜெர்மன் சில்வர், வெள்ளி

சிதம்பரம் கவரிங் தமிழ்நாட்டில் பெயர் பெற்றது. பித்தளை அல்லது செம்பில் உருவம் செய்து மேலே தங்க முலாம் ஏற்றுவதே கவரிங். ‘ஒரு கிராம் கோல்டு’, ‘மைக்ரோ பிளேட்டிங்’ என்று விற்பவையும் அடிப்படையில் இதே இனம்தான். செம்பின்மேல் நேராகத் தங்கத்தை ஏற்றினால் செம்பு மெல்லக் கசிந்து மேலே வந்து நகையைக் கறுக்கவைக்கும். அதைத் தடுக்க முலாம் தொழிலில் நடுவே நிக்கல் அடுக்கு ஒன்றை ஏற்றுவது உலகெங்கும் வழக்கம். தங்க அடுக்கோ பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது முதலில் தேய்வது முகப்பில் இல்லை. காதுக்குள் உராயும் தண்டிலும், திருகித் திருகிக் கழற்றும் திருகாணியின் மரையிலும்தான். தோடு கண்ணாடியில் பளபளத்துக்கொண்டிருக்க, துளைக்குள் நிக்கல் அடுக்கு வெளியே வந்திருக்கும்.

தண்டில் நகப்பூச்சு தடவிக்கொள்வது பலருக்குத் தெரிந்த கைவைத்தியம். ஒரு மாலை விழாவுக்குத் தாங்கும். சீக்கிரமே உரிந்துவிடுவதால் தினசரி அணிவதற்கு அதை நம்பக்கூடாது.

ஜெர்மன் சில்வரில் பெயருக்குக்கூட வெள்ளி கிடையாது. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவை. பழைய வாய்பாட்டின்படி செம்பு 60, நிக்கல் 20, துத்தநாகம் 20 விழுக்காடு. நவராத்திரிச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் கறுப்புச் சாயலோடு கிடைக்கும் ‘ஆக்சிடைஸ்டு’ ஜிமிக்கிகள் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. நிக்கல் ஒவ்வாதவர் ஒரேயடியாக ஒதுக்க வேண்டிய நகை ஒன்று உண்டென்றால் அது இதுதான். சுடுமண் ஜிமிக்கி, பட்டுநூல் ஜிமிக்கி ஆகியவற்றில் மண்ணும் நூலும் ஒன்றும் செய்யாது, மேலே உள்ள கொக்கியைத்தான் பார்க்க வேண்டும். கொக்கியை மட்டும் வெள்ளியில் மாற்றித் தரச் சொல்லலாம், செலவும் அதிகமில்லை.

925 வெள்ளியில் மீதி 7.5 விழுக்காடு பொதுவாகச் செம்பு. காற்றிலுள்ள கந்தகத்தால் அது கறுக்கும், ஆனால் பெரும்பாலான காதுகளுக்குச் சேரும். ஆறாத புதுத்துளைக்கு மட்டும் வெள்ளி வேண்டாம். கறுத்த படிவு புண்ணில் தங்கி நிரந்தரக் கறையாகிவிடக்கூடும்.

சர்ஜிக்கல் ஸ்டீலும் டைட்டானியமும்

சர்ஜிக்கல் ஸ்டீல் என்ற பெயர் தரும் நம்பிக்கைக்கு அதன் உள்ளடக்கம் ஈடு கொடுப்பதில்லை. அந்தப் பெயரில் பரவலாக விற்கும் 316 எல் எஃகில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் இருக்கிறது. 16 முதல் 18 விழுக்காடு குரோமியமும் இருப்பதால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகி நிக்கலைப் பூட்டி வைக்கிறது. ஆகவே, ஆறிய காதுள்ளவர்களில் பலருக்கு இது தொல்லை தருவதில்லை. கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கந்தகம் சேர்த்த 303 எஃகு அப்படியல்ல, அது நிக்கலைத் தாராளமாகக் கசியவிடும். இரண்டும் ஒன்றுபோலவே மின்னும்.

அரிப்பு கடுமையாக உள்ளவர்களுக்குத் தங்கத்துக்கு அடுத்து நம்பத்தக்கவை டைட்டானியமும் நயோபியமும். எலும்பு முறிவுக்கு உடலுக்குள் வைக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்136 தர டைட்டானியத்தில் சுமார் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்திருக்கும், நிக்கல் கலப்பதில்லை. இதன் எடை அதே அளவு தங்கத்தின் எடையில் கால் பங்குக்கும் குறைவு. நீலம், ஊதா, பச்சை என்று கிடைக்கும் நிறங்கள் சாயம் பூசி வருபவையல்ல. மின்சாரம் செலுத்தி மேற்பரப்பின் ஆக்சைடு படலத்தின் தடிமனை மாற்றுவதால் வருபவை. ஒரு குறை உண்டு: இந்த இரு உலோகங்களையும் சாதாரணப் பட்டறையில் பற்றவைக்க முடியாது. ஆகவே பொட்டுத்தோடு, வளையம் என்ற அளவில்தான் கிடைக்கும், வேலைப்பாடுள்ள ஜிமிக்கியை எதிர்பார்க்க முடியாது. வளைத்தாலும் நிமிரும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் பயன்படும் நிட்டினால், டைட்டானியத்தின் உறவாகத் தோன்றினாலும், பாதிக்கு மேல் நிக்கல்.

மருத்துவத் தர நெகிழித் தண்டுள்ள தோடுகளும் கிடைக்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அவை போதும்.

சட்டமும் சோதனையும்

டென்மார்க் 1990இல் நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. அங்கே அதன்பின் காது குத்திக்கொண்ட தலைமுறையிடம் ஒவ்வாமை குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இதைப் பின்பற்றியது. தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது. துளையில் நுழையும் தண்டுக்கு வரம்பு இன்னும் கண்டிப்பானது, 0.2 மைக்ரோகிராம். தண்டைப் பொறுத்தவரை முதலில் உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்றுதான் விதி பார்த்தது. 2004இல் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதாக மாற்றினார்கள். நிக்கல் இருப்பதும் நிக்கல் காதுக்குப் போவதும் வேறு வேறு என்ற அறிவியலுக்கு அதுவே பொருத்தம்.

இந்தியாவில் 2021 ஜூனிலிருந்து தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 6 எழுத்து-எண்கள் கொண்ட எச்யுஐடி குறியீடு நகையின் தங்கத் தூய்மைக்குச் சான்று. மீதிக் கலப்பில் நிக்கல் உண்டா என்பதை அது சொல்லாது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது விற்பவரின் வாக்குமூலம் மட்டுமே.

வீட்டிலேயே பார்ப்பதற்கு டிஎம்ஜி சோதனை உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம், அம்மோனியா கரைசல்களைப் பஞ்சில் நனைத்துத் தண்டில் சற்று அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது. ருஷ்ய வேதியியலர் லெவ் சுகாயெவ் 1905இல் கண்டறிந்த வினை இது. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண்: நிக்கல் நிறைந்த 316 எல் காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் அநேகமாக இல்லாத 430 எஃகு ஒட்டும்.

ஒவ்வாமையை உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை செய்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் யோசப் யாடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய முறை. நிக்கல் சல்பேட் கலந்த களிம்பை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பின்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

காது அரித்தால்

முதல் வேலை தோட்டைக் கழற்றுவது. சீழும் வீக்கமும் இருந்தால் மட்டும், கழற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டும். துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடக் கூடாது. கடையில் தானாக வாங்கிப் பூசும் களிம்புகளில் ஒரு பொறி இருக்கிறது: நியோமைசின், ஃபிராமைசெட்டின் போன்ற மருந்துகளே சிலருக்குத் தொடு ஒவ்வாமையைத் தரக்கூடியவை. அரிப்புக்குப் பூசப்போய் அரிப்பு இரட்டிப்பாகும். துளை தூர்ந்துபோகாமல் வேப்பங்குச்சியோ ஈர்க்கோ செருகிவைக்கும் வழக்கத்தில் உலோகத்தைத் தவிர்க்கும் நல்ல புத்தி இருக்கிறது, ஆனால் பச்சைப் புண்ணில் சுத்தமில்லாத குச்சி ஆபத்து. புதிதாகக் குத்தினால் காதுமடலின் சதைப்பகுதி ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மேல்காதின் குருத்தெலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மாற்றாமல் தங்கமோ டைட்டானியமோ கிடக்கட்டும்.

நகைக்கடையில் முகப்பின் காரட்டை விசாரிப்பதோடு நிறுத்திவிடாமல், தண்டும் திருகாணியும் எந்த உலோகம் என்று தனியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக வராத தோட்டை வாங்காதீர்கள்.