மையின் பெயரும் மையின் பொருளும்

திருக்குறளின் இன்பத்துப்பாலில் ‘உண்கண்’ என்றொரு சொல் வருகிறது. மையுண்ட கண் என்று உரைகாரர் பொருள் கூறுவர். அந்தக் கண் உண்ட மை எதனால் ஆனது என்று கேட்டால் உரைநூல்கள் வாய்திறப்பதில்லை. ஆனால் இதே கேள்வியைப் பண்டைய எகிப்தை நோக்கிக் கேட்டால் திட்டமான விடை கிடைக்கிறது. அங்கு இறந்தவரோடு மைச்சிமிழையும் கல்லறையில் வைத்தார்கள். வறண்ட நாடு ஆகையால் சிமிழுக்குள் இருந்த மை நாலாயிரம் ஆண்டுகள் கழிந்தும் எஞ்சியிருந்தது.

நைல் நதிக்கரையில் ஆணும் பெண்ணும், அரசனும் குடியானவனும் கண்ணுக்கு மையிட்டனர். தொடக்கத்தில் செப்பு கலந்த பச்சைக் கல்லை அரைத்துத் தீட்டினர். அரைப்பதற்குப் பயன்பட்ட கற்பலகைகள் எகிப்தின் மிகப் பழைய புதைகுழிகளிலே கிடைத்துள்ளன. கி.மு. 3100 அளவைச் சேர்ந்த புகழ்பெற்ற நார்மர் பலகையும் வடிவத்தில் அத்தகைய மைப்பலகையே. பின்னர் கரிய மை மேலோங்கியது. அதன் பெயர் மெஸ்தெமெத். அதற்கான கல்லைச் செங்கடற் கரையை அண்டிய ஜெபல் ஸெய்த் என்ற இடத்தில் வெட்டி எடுத்தனர். பிறநாட்டாரும் அம்மையைக் கொண்டுவந்தனர். பெனி ஹசனில் உள்ள கல்லறை ஒன்றின் சுவரோவியம், கி.மு. 1890 அளவில் ஆசியர் 37 பேர் கண்மையோடு வந்த செய்தியைச் சொல்கிறது.

மெஸ்தெமெத் என்ற பெயரே கிரேக்கரிடம் ஸ்திம்மி என்றும், உரோமரிடம் ஸ்திபியம் என்றும் திரிந்தது என்பது சொல்லாய்வாளர் கருத்து. பின்னாளில் ஐரோப்பிய இரசாயனவியலார் அந்திமனி என்ற மூலகத்துக்கு ஸ்திபியம் என்பதையே இலத்தீன் பெயராகக் கொண்டனர். அம்மூலகத்தின் குறியீடும் அப்பெயரிலிருந்து எடுத்ததே. எகிப்தியப் பெண்ணின் மைச்சிமிழில் இருந்த பெயர் இன்று நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் ஆவர்த்தன அட்டவணையில் தொங்குகிறது.

பெயர் அந்திமனி என்றால் பொருளும் அந்திமனியாகத்தானே இருக்கவேண்டும்? அவ்வாறே நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிமிழ்களின் பொடியை இரசாயன முறையில் சோதிக்கத் தொடங்கியபோது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. துத்தங்காமன் கல்லறைப் பொருள்களைப் பேணிய இரசாயனவியலாளர் அல்பிரட் லூக்காஸ் இச்சோதனை முடிவுகளை ஒருங்கு வைத்து நோக்கினார். பெரும்பாலான மைகள் கலீனா என்ற தாதுக்கல்லின் பொடியே. கலீனா என்பது ஈய சல்பைட்டு. அந்திமனி காணப்பட்டது மிக மிக அரிது.

இக்குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஈயக் கல்லும் அந்திமனிக் கல்லும் இரண்டுமே கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகம்போல மினுங்குவன. பொடித்தால் இரண்டும் கருமையே. ஆனால் ஈயக் கல் சதுரம் சதுரமாக உடையும். அந்திமனிக் கல் ஊசி ஊசியாக வளரும். ஈயக் கல்லின் அடர்த்தி நீரைப்போல ஏழரை மடங்கு. மற்றதன் அடர்த்தி நாலரை மடங்குக்குச் சற்று மேல். கையில் ஏந்தினால் வேறுபாடு தெரியும். பெயரை மட்டும் ஏந்தியவருக்குத் தெரியவில்லை.

1999இல் பிலிப் வால்ற்றர் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர்தம் சகாக்களும் பரிஸ் நகரின் லூவர் அரும்பொருளகத்திலுள்ள மைகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தனர். அவை கி.மு. 2000க்கும் 1200க்கும் இடைப்பட்டவை. கலீனாவோடு வெண்ணிற ஈயச் சேர்வைகள் மூன்றும் கொழுப்பும் அவற்றில் இருந்தன. ஒன்று ஈயக் காபனேற்று. மற்றைய இரண்டும் குளோரின் கலந்தவை. இயற்கையில் மிக அரிதாகவே கிடைப்பவை. ஆகவே எகிப்தியர் அவற்றைச் செய்திருக்கவேண்டும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினியும் தியோஸ்கோரிதீசும் எழுதிய மருந்துக் குறிப்புகள் அதற்கு வழிகாட்டின. நம் வைத்தியர் மிருதாரசிங்கி என அழைக்கும் ஈய ஒட்சைட்டை உப்போடு நீரிலிட்டு, நாள்தோறும் நீரை வடித்து மாற்றி, வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த வெண்பொடி கிடைக்கும். ஆய்வாளர் அவ்வாறே செய்து பெற்றும் காட்டினர்.

இவ்வளவு பாடுபட்டது அழகுக்கு மட்டுமா? கி.மு. 1550 அளவைச் சேர்ந்த ஏபர்ஸ் பப்பிரசுச் சுவடி மெஸ்தெமெத்தைக் கண் மருந்தாகக் கூறுகிறது. 2010இல் கிறிஸ்தியான் அமத்தோர் முதலானோர் ஆய்வுகூடத்தில் மனிதத் தோற்கலங்களுக்கு மிகச் சிறிதளவு ஈயம் செலுத்திப் பார்த்தனர். நோய்க்கிருமிகளுக்கு எதிராக உடலின் காவலை எழுப்பும் நைத்திரிக் ஒட்சைட்டு அதிகமாகச் சுரந்தது. ஆகவே அம்மை கண்நோயைத் தடுத்திருக்கலாம் என அவர்கள் கருதினர். இது கலங்களில் கண்ட முடிவு; மனிதர் கண்ணில் கண்டதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அரபியர் கண்மையைக் குஹ்ல் என்றனர். அது மிக நுண்ணிய பொடி. ஆகவே ‘அல்-குஹ்ல்’ என்பது ஐரோப்பாவில் முதலில் நுண்பொடியையும், பின் எப்பொருளிலிருந்தும் பிரித்தெடுத்த சாரத்தையும், பின் திராட்சை மதுவின் சாரத்தையும் குறித்து, ஈற்றில் அற்ககோல் ஆயிற்று. கண்மையின் பெயர் மதுசாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கமும் இதே கதைதான். வடமொழியில் சௌவீராஞ்சனம் என்பது கல்; ரசாஞ்சனம் என்பதோ மரமஞ்சள் இனச் செடியின் கசாயத்தை வற்றக் காய்ச்சியது. இரண்டும் அஞ்சனமே. அஞ்சனக்கல் என்றால் அந்திமனி என்று தமிழ் அகராதிகள் பொருள் தருகின்றன. சந்தையில் சுர்மா என விற்பதோ பல வேளைகளில் ஈயக் கல்லே. நம் ஆச்சிமார் செய்த மை இவையிரண்டிலும் சேராது. மூலிகைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் விளக்கேற்றி, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியை வழித்து நெய்யில் குழைத்தனர். அதிலிருப்பது காபன். ‘மை’ என்ற ஓரெழுத்துச் சொல் கரியையும் ஈயத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

அந்த வேறுபாடு சிறு பிள்ளைகளின் உடலில் தெரிகிறது. பிரித்தானியாவில் வாழ்ந்த ஆசியக் குடும்பங்களிலே சுர்மா தீட்டிய பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதை 1978இல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 2011இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆறு மாதக் குழந்தை ஒன்றின் இரத்தத்தில் ஈயம் காணப்பட்டது. பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்த ‘திரோ’ என்ற கண்மையைத் தீட்டியிருந்தனர். அதில் நூற்றுக்கு 82.6 பங்கு ஈயம். தூய கலீனாவிலேயே ஈயம் 86.6 பங்குதான். அதாவது சிமிழில் இருந்தது ஏறத்தாழ முழுவதும் கலீனா. குழந்தை கண்ணைக் கசக்கும். அதே விரலை வாயில் வைக்கும். கண் உண்ட மையை வயிறும் உண்டுவிடும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது. தீங்கற்றது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார தாபனம்.

வெளிநாடுகளிலிருந்து ஊர் வருவோரின் பொதிகளில் சுர்மாக் குப்பிகள் நம் வீடுகளுக்கும் வருகின்றன. சென்ற ஆண்டு அயல்வீட்டு இளந்தாய் ஒருவர் அத்தகைய குப்பியொன்றைக் கொண்டுவந்தார். “மாஸ்டர், சுத்தமான அஞ்சனம் எண்டு போட்டிருக்கு. பிள்ளைக்குத் தீட்டலாமோ?” என்று கேட்டார்.

“போட்டிருக்கிறது பேர்தானே, தங்கச்சி. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு போடேல்லையே” என்றேன். வைத்தியரிடம் காட்டும்வரை பிள்ளையின் முகத்தருகே கொண்டுபோக வேண்டாம் என்றும் சொன்னேன். கைக்கு எட்டாத மேல்தட்டில் குப்பியை வைத்துவிட்டதாக மறுநாள் வேலியருகே நின்று சொன்னார். பிள்ளையின் நெற்றியில் அன்று வெறும் திருநீறுதான் இருந்தது.