மாநாட்டுக் களமும் விருந்தோம்பும் அரசும்: லங்காவியும் புதுதில்லியும்

முன்னுரை

அனைத்துலகச் சுற்றுச்சூழல் மாநாடுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தீர்மானங்களையும் பிரகடனங்களையும் மட்டுமே சான்றாகக் கொள்கின்றன. மாநாடு எந்நகரில், எவ்வரங்கில் கூடியது என்னும் செய்தி ஒரு வரிக் குறிப்பாக நின்றுவிடுகிறது. ஆயினும், விருந்தோம்பும் அரசுக்குக் களத்தைத் தேர்வது ஓர் அரசியற் செயலாகும். தான் எவர் சார்பில் பேச விரும்புகிறது என்பதை அவ்வரசு களத்தின் வாயிலாகவே முதலில் அறிவிக்கிறது. எவர் குரல் அவைக்கு எட்டும் என்பதையும் அதுவே பெரிதும் வரையறுக்கிறது. இக்கருத்தை 1989ஆம் ஆண்டு லங்காவிக் கூட்டம், 2002ஆம் ஆண்டு புதுதில்லி மாநாடு ஆகிய இரண்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

லங்காவி 1989

பினாங்கிற்கு வடக்கே அமைந்த லங்காவித் தீவு, மாசூரியின் சாபக் கதையால் மக்கள் நினைவில் நிலைத்திருந்த இடம். கெடா மாநிலத்தவரான பிரதமர் டாக்டர் மகாதீரின் அரசு 1987இல் அதனைத் தீர்வையற்ற தீவாக அறிவித்தது. ஈராண்டுகளுக்குப் பின், 1989 அக்டோபரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் அரசுத் தலைவர்கள் கூடியபோது, தலைநகரை விட்டு விலகி அவர்கள் ஓய்வாக உரையாடும் வழக்கமான தனிச்சந்திப்பு இத்தீவில் நடைபெற்றது. அங்கு வெளியிடப்பட்டதே சுற்றுச்சூழல் பற்றிய லங்காவிப் பிரகடனம்.

இது பருவநிலைக்கென்றே கூடிய மாநாடு அன்று. எனினும் பசுமைக்குடில் விளைவை உலகின் முதன்மையான சூழற்சிக்கல்களுள் ஒன்றாக அப்பிரகடனம் சுட்டியது. அதே வேளையில், சுற்றுச்சூழல் அக்கறையைக் காரணமாகக் காட்டி வளரும் நாடுகளுக்கான உதவிக்குப் புதிய நிபந்தனைகள் விதிப்பதையும் வணிகத் தடைகள் எழுப்புவதையும் அது ஏற்கவில்லை. மலேசிய அரசு பின்னர் 1992 ரியோ மாநாட்டில் வலியுறுத்திய நிலைப்பாட்டின் சாயல் இதில் தெரிகிறது. இவ்வாறு ஒரே தீவு, வளர்ச்சி பெறத் துடிக்கும் நாட்டின் காட்சிப்பொருளாகவும் அந்நாட்டின் வாதத்திற்கு மேடையாகவும் பயன்பட்டது.

புதுதில்லி 2002

பருவநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளது எட்டாவது மாநாடு 2002 அக்டோபர் 23 முதல் நவம்பர் 1 வரை புதுதில்லி விஞ்ஞான் பவனில் நடைபெற்றது. இவ்வரங்கு 1956இல் எழுந்தது. யுனெஸ்கோ பொது மாநாடு அவ்வாண்டிலேயே இங்குக் கூடியது; 1983இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடும் இங்கேயே நிகழ்ந்தது. பௌத்த சைத்தியத்தின் வளைவை நினைவூட்டும் அதன் முகப்பு, விடுதலை பெற்ற ஆசியாவின் தன்னம்பிக்கையைக் கல்லில் உரைப்பது. வளரும் நாடுகளின் சார்பில் பேச விழைந்த அரசுக்கு இதனினும் பொருத்தமான களம் வாய்ப்பது அரிது.

மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், அப்போதைய இந்தியச் சுற்றுச்சூழல் வனத்துறை அமைச்சரும் கடலோரத் தொகுதியான தென்சென்னையின் நாடாளுமன்ற உறுப்பினருமான டி. ஆர். பாலு ஆவார். அக்டோபர் 30ஆம் நாள் பிரதமர் வாஜ்பாய், வளரும் நாடுகளின் தனிநபர் உமிழ்வு உலகச் சராசரியில் ஒரு சிறு பகுதியே என்பதை எடுத்துரைத்து, அந்நாடுகள்மீது புதிய கடப்பாடுகளைச் சுமத்தலாகாது என்று வாதிட்டார். இறுதியில் நிறைவேறிய தில்லிப் பிரகடனம் நீடித்த வளர்ச்சிக்கும் பருவநிலை மாற்றத்திற்கு ஏற்பத் தகவமைத்தலுக்கும் முதன்மை தந்தது.

அரங்கிற்கு வெளியே வேறொரு கூட்டம் நடந்தது. அக்டோபர் 26, 27 ஆகிய நாள்களில் மீனவர், உழவர், பழங்குடியினர், தலித் மக்கள் ஆகியோர் பங்கேற்ற பருவநிலை நீதி மாநாடு தில்லியிலேயே கூடியது. 28ஆம் நாள் தனிப் பிரகடனமும் வெளிவந்தது. உள்ளே பேசப்பட்டதும் நீதியே. வெளியே பேசப்பட்டதும் நீதியே. முன்னது நாடுகளுக்கிடையிலான நீதி. பின்னது நாட்டிற்குள்ளான நீதி. விஞ்ஞான் பவன் முன்னதற்கு மேடையாயிற்று. பின்னது அதன் வாயிலுக்கு அப்பாலேயே நின்றது. கல்வி, விழிப்புணர்வு, மக்கள் பங்கேற்பு ஆகியவற்றைக் குறித்த உடன்படிக்கையின் 6ஆம் பிரிவைச் செயற்படுத்தும் புதுதில்லிப் பணித்திட்டம் இதே மாநாட்டில் ஏற்கப்பட்டது என்பதை இங்கு இணைத்து நோக்க வேண்டும்.

களத்தின் அதிகாரம்

இதற்கு அமைப்பு வழிப்பட்ட காரணமும் உண்டு. மாநாட்டரங்கின் உட்பகுதி ஐக்கிய நாட்டுச் செயலகத்தின் நிருவாகத்திற்கு உட்படுகிறது. அங்கு நுழைய ஏற்பிசைவு பெற்ற அடையாள அட்டை வேண்டும். வாயிலுக்கு வெளியே உள்ள தெரு, திடல், ஊர்வலப் பாதை யாவும் விருந்தோம்பும் அரசின் சட்டத்திற்கு உட்பட்டவை. ஆகவே நகரையும் அரங்கையும் தேர்வதிலும் வெளியிடத்தை ஆள்வதிலுமே அவ்வரசின் அதிகாரம் தங்கியுள்ளது. இந்தோனேசியா 2007இல் தேர்ந்த பாலித்தீவின் நூசா துவா, 1970களில் ஊர்களினின்று பிரித்துத் திட்டமிடப்பட்ட சுற்றுலா வளாகம். எகிப்து 2022இல் ஷர்ம் எல் ஷேக்கில் எதிர்ப்பாளருக்கெனத் தனியிடம் ஒதுக்கியது. மறுபுறம், தலைமைப் பொறுப்பேற்ற நாடு களத்தை இழப்பதும் உண்டு: ஃபிஜியின் தலைமையிலான 2017 மாநாடு பான் நகரில் கூடியது, சிலியின் தலைமையிலான 2019 மாநாடு, சாந்தியாகோவில் எழுந்த கிளர்ச்சியால் மாட்ரிட்டுக்கு மாற்றப்பட்டது.

முடிவுரை

இவ்வரலாற்றில் பினாங்கிற்குத் தனியிடம் உண்டு. ஜார்ஜ் டவுன் எந்தப் பருவநிலை மாநாட்டிற்கும் களமாக அமைந்ததில்லை. ஆனால் எஸ். எம். முகமது இத்ரிஸ் வழிநடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், 1984இல் இந்நகரில் தோன்றிய மூன்றாம் உலக வலையமைப்பும், கரையோர மீனவரோடு பணியாற்றிய சகாபாட் ஆலாம் மலேசியாவும் அம்மாநாடுகளை இடைவிடாது கவனித்து வந்துள்ளன. மார்ட்டின் கோர், மீனா ராமன் போன்றோர் நாடுகளுக்கிடையிலான நீதியை அரங்கினுள் எடுத்துரைத்தனர். அவர்கள் சார்ந்த இயக்கங்களோ உள்ளூர் மீனவரின் துயரையும் அறிந்திருந்தன. தில்லியில் வாயில் பிரித்துவைத்த இருவகை நீதியும் இந்நகரில் ஒரே கூரையின்கீழ் பேசப்பட்டன.

எனவே, பிரகடனங்களைப் பாடமாக்கும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் மூன்று வினாக்களைச் சேர்த்தே எழுப்புதல் தகும்: அது எவ்வரங்கில் எழுதப்பட்டது? அவ்வரங்கைத் தேர்ந்தவர் எவர்? அந்நாளில் வாயிலுக்கு வெளியே நின்றவர் எவர்? மூன்றாம் வினாவிற்கான விடை அரசு ஆவணங்களில் அரிதாகவே கிட்டும். அதனை மீனவர் சங்கப் பதிவுகளிலும் துண்டறிக்கைகளிலும் வாய்மொழிச் சான்றுகளிலும் தேட வேண்டியுள்ளது. அவற்றுள் தமிழில் உள்ளவற்றைத் தொகுத்துக் காப்பது நம் துறை உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.